பரிசாகக் கொடுக்க நல்ல இந்திய மது எது? கிளாஸ்கோ போகிறேன், யோசனை சொல்லுங்கள்

மல்லேஸ்வரம்வாசி:
வணக்கம். அடுத்த மாதம் பத்து நாள் கிளாஸ்கோ போகிறேன். அங்கே நான் எம்.எஸ்ஸி. படித்தபோது வழிகாட்டியாக இருந்த பேராசிரியர் பணி ஓய்வு பெறுகிறார். அவர் ஸ்காட்லாந்துக்காரர், விஸ்கியை நிதானமாக ரசித்துக் குடிப்பவர். வீட்டு அலமாரியில் முப்பது நாற்பது பாட்டிலாவது இருக்கும். சால்வை, சந்தனப் பெட்டி எல்லாம் முன்பே கொடுத்தாகிவிட்டது. இந்த முறை நம் நாட்டிலேயே வடித்த ஒன்றைக் கொடுக்க ஆசை.

இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்காரம்மா ஜின் குடிப்பார். கூடப் படித்த நண்பன் ஒருவன் அங்கேயே வேலையில் இருக்கிறான், அவன் என்ன குடிப்பான் என்று தெரியவில்லை.

எனக்கு இந்த விஷயத்தில் அனுபவம் கிடையாது. வருடத்துக்கு இரண்டு பீர், அவ்வளவுதான். கடையில் போய்க் கேட்டால் பெட்டி பெரிதாகவும் பளபளப்பாகவும் இருப்பதையே எடுத்து நீட்டுகிறார்கள். பெங்களூரில் கிடைப்பதாக இருந்தால் நல்லது.

மைசூர்ரோடு:
பெங்களூரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வியா நண்பரே! அம்ருத் எடுத்துக்கொண்டு போங்கள். மைசூர் சாலையில் கம்பிபுராவில்தான் வடிக்கிறார்கள், உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரம். அதிலும் ஃப்யூஷன்.

காரணம் சொல்கிறேன். அம்ருத் 1948இல் தொடங்கிய கம்பெனி. ரொம்ப காலம் ரம், பிராந்தி என்று சாதாரணச் சரக்குதான் செய்தார்கள். அந்தக் குடும்பத்து மகன் ரக்ஷித் ஜக்தாலே நியூகாஸ்டிலில் மேற்படிப்பு படித்தபோது, இந்திய சிங்கிள் மால்ட்டை (முளைகட்டிய தானியத்தில் ஒரே ஆலையில் வடித்த விஸ்கி) பிரிட்டனில் விற்க முடியுமா என்பதையே ஆய்வாக எடுத்துக்கொண்டார். 2004 ஆகஸ்டில் அம்ருத் சிங்கிள் மால்ட் முதன்முதலில் விற்பனைக்கு வந்த ஊர் எது தெரியுமா? கிளாஸ்கோ! பெங்களூருக்காரர்களுக்கு அது 2010இல்தான் கடையில் கிடைத்தது. உங்கள் பேராசிரியர் ஊரில் பிறந்தநாள் கொண்டாடிய பாட்டில் அது.

ஃப்யூஷன் என்ற பெயருக்கும் பொருள் உண்டு. நம் நாட்டு பார்லியும், பீட் எனும் சதுப்பு நிலக் கரியின் புகையில் உலர்த்திய ஸ்காட்லாந்து பார்லியும் சேர்த்துச் செய்தது. 50 சதவீதம் ஆல்கஹால். ஜிம் மரே என்ற பிரிட்டன் விமர்சகர் தன் 2010 கையேட்டில் இதை உலகின் மூன்றாவது சிறந்த விஸ்கி என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் நம் ஊர்க்காரர்களே திரும்பிப் பார்த்தார்கள். இந்திய பார்லியும் ஸ்காட்லாந்து பார்லியும் ஒரே பாட்டிலில். மாணவன் குருவுக்குக் கொடுக்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

மட்காவ்காரன்:
மைசூர்ரோடு அண்ணன் சொன்னதில் தவறு இல்லை. ஆனால் ஸ்காட்லாந்துக்காரருக்கு விஸ்கி கொண்டுபோவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற மாதிரி. நாற்பது பாட்டிலோடு நாற்பத்தொன்றாவதாக அதுவும் நிற்கும். அவர் நாட்டில் எந்தக் காலத்திலும் செய்ய முடியாத ஒன்றைக் கொடுங்கள். ஃபெனி கொடுங்கள்.

நான் கோவாவில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறேன். மார்ச் முதல் மே வரை முந்திரிப்பழக் காலம். தானாக உதிர்ந்த பழத்தைப் பொறுக்கி, மிதித்துச் சாறெடுப்பார்கள். ஈஸ்ட் எதுவும் போடாமல் தானே சில நாள் புளிக்கும். முதல் வடிப்பு உர்ராக். அதைத் திரும்பப் புதுச் சாற்றோடு சேர்த்து வடித்தால் ஃபெனி. காட்டோரம் மண் அடுப்பில், பானை கட்டி வடிக்கிற இடத்துக்கு பட்டி என்று பெயர். ஏப்ரல் மாதம் சாயங்காலம் அந்தப் பக்கம் போனால் ஊரே முந்திரிப்பழ வாசனையில் கிடக்கும்.

முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. 2016இல் கோவா அரசு அதை மாநிலப் பாரம்பரிய பானமாக அறிவித்தது. மரம் போர்ச்சுக்கீசியரோடு பிரேசிலிலிருந்து வந்தது. ஆனால் பழத்திலிருந்து இப்படி ஒரு மதுவை வளர்த்தெடுத்தது கோவா. நம் பண்ருட்டிப் பக்கம் கொட்டையை மட்டும் திருகி எடுத்துக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுகிறோம். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதனால்தான் இங்கே அந்தப் பழத்துக்குக் கொடுக்கிற மரியாதை எனக்கு இவ்வளவு பெரிதாகத் தெரிகிறது.

அபர்டீன்தமிழ்:
இங்கே ஒன்பது வருடமாக இருக்கிறேன், என் அனுபவத்தைச் சொல்கிறேன். விஸ்கியில் ஊறிய ஸ்காட்லாந்துக்காரர்கள் இந்திய மால்ட் என்றால் முகம் சுளிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். அந்தக் காலம் போய்விட்டது. உண்மையில் ஆர்வமாக இருக்கிறார்கள், நிறையக் கேள்வி கேட்கிறார்கள். அம்ருத், கோவாவில் செய்யும் பால் ஜான் இரண்டும் இங்கே நல்ல கடைகளில் கிடைக்கின்றன. அதுதான் சிக்கலும்கூட. பேராசிரியரின் அலமாரியில் ஃப்யூஷன் ஏற்கெனவே இருக்கலாம். யாரையாவது விட்டுப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

ஃபெனி இங்கே அவ்வளவு எளிதில் கண்ணில் படாது. ஆனால் வாசனை கடுமை. என் மேலாளர் மூக்கருகே கொண்டுபோய்விட்டு அப்படியே கீழே வைத்துவிட்டார்.

மட்காவ்காரன்:
அவருக்கு யாரும் குடிக்கச் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். ஃபெனியை விஸ்கி கிளாஸில் ஊற்றி முகர்ந்தால் அப்படித்தான் இருக்கும். எலுமிச்சை சோடா, நிறைய ஐஸ், ஒரு சிட்டிகை உப்பு, நீளவாக்கில் கீறிய பச்சை மிளகாய் ஒன்று. இப்படிக் கொடுத்துப் பாருங்கள். பரிசு கொடுக்கும்போது இதை ஒரு சின்னச் சீட்டில் எழுதி பாட்டிலோடு கட்டிக் கொடுக்க வேண்டும். பழக்கமில்லாத பொருளைச் சும்மா நீட்டிவிட்டு வந்தால் அது அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும். உர்ராக் கொண்டுபோகலாமா என்று யாரும் கேட்காதீர்கள். அது சீசனில் அங்கேயே குடிக்க வேண்டியது, அதிக நாள் தாங்காது.

கப்பல்காரன்:
ஓல்ட் மாங்க் என்று இன்னும் ஒருவரும் சொல்லவில்லையே! 1954இலிருந்து வருகிறது, விளம்பரம் பண்ணாமலே உலகம் முழுக்கப் போய்ச் சேர்ந்த ரம். நான் கப்பலில் வேலை பார்த்த இருபது வருடத்தில் எத்தனையோ துறைமுகத்தில் அந்தக் குட்டை பாட்டிலைக் கொடுத்து நட்பு சம்பாதித்திருக்கிறேன். செய்வது மோகன் மீக்கின். அதன் வேர் எட்வர்ட் டயர் என்ற ஆங்கிலேயர் 1855இல் கசௌலியில் தொடங்கிய மதுவாலை. இமயமலைச் சாரலில் பிறந்த கம்பெனி.

மைசூர்ரோடு:
எனக்கும் ஓல்ட் மாங்க் பிடிக்கும் சார், கல்லூரிக் கால நினைவே அதில்தான் இருக்கிறது. ஆனால் அந்த நினைவு நமக்குத்தான். பேராசிரியருக்கு அது வெனிலா வாசனையோடு இனிப்பான ஒரு ரம், அவ்வளவுதான். வெளிநாட்டில் இருக்கும் நம் ஆட்களுக்குக் கொடுத்தால் கண் கலங்குவார்கள். அந்த நண்பன் குடிப்பவனாக இருந்தால் அவனுக்கு அதுதான் சரி.

ரம் பக்கம் போவதாக இருந்தால் காமிகாரா பாருங்கள். ஹரியானாவில் கர்னால் மாவட்டத்து இந்த்ரியில் பிக்காடிலி கம்பெனி செய்கிறது. நம் நாட்டு ரம் பெரும்பாலும் மொலாசஸில், அதாவது சர்க்கரை ஆலையில் மிஞ்சும் பாகில் செய்வது. இது கரும்புச்சாற்றிலேயே வடித்து 12 வருடம் பீப்பாயில் வைத்தது. 50 சதவீதம். விலை கொஞ்சம் கையைக் கடிக்கும். ஆனால் கரும்பு நம் மண்ணின் பயிர், அது அந்த ரம்மில் தெரிகிறது.

நிதானம்:
ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த மூன்றாவது நண்பன் என்ன குடிப்பான் என்று தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரியாது என்றால் பாட்டில் கொடுக்காதீர்கள்.

என் தம்பி குடியை நிறுத்தி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. அலுவலகத்தில் ஒருவர் நல்ல மனதோடு, அழகாகக் காகிதம் சுற்றி, தீபாவளிக்கு ஒரு பாட்டில் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குத் தெரியாது. அந்தப் பாட்டில் எங்கள் வீட்டில் மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளும் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. நான்காம் நாள் தம்பியே எடுத்து வந்து என் கையில் கொடுத்து, கொட்டிவிடு என்றான். வெளிநாட்டில் தனியாக இருக்கும் பிள்ளை எப்படி இருக்கிறான் என்று நமக்குத் தெரியாது. ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

மல்லேஸ்வரம்வாசி:
நிதானம் சார், இதை எழுதியதற்கு மிக்க நன்றி. இன்றே அவனோடு பேசுகிறேன். உங்கள் தம்பி நன்றாக இருக்க வேண்டும்.

ஈரோட்டுமஞ்சள்:
ஜின் பற்றி ஒருவரும் பேசவில்லை, நான் சொல்கிறேன். வீட்டுக்காரம்மாவுக்கு ஹபூசா கொடுங்கள். ஜின்னுக்கு உயிரே ஜூனிபர் காய்தான். பொதுவாக அது ஐரோப்பாவிலிருந்து வரும். ஹபூசாவில் இமயமலையில் விளையும் ஜூனிபரைப் போடுகிறார்கள்; ஹபூசா என்பதே அதன் சமஸ்கிருதப் பெயர். அதோடு மஞ்சள், இஞ்சி, ஏலக்காய், மாங்காய், வங்காளத்து கந்தராஜ் எலுமிச்சை. கோவாவில் நாவோ ஸ்பிரிட்ஸ் வடிக்கிறது. ஜின்னில் மஞ்சள் என்றதும் எங்கள் ஊர்க்காரி என்ற முறையில் எனக்குச் சந்தேகமாகத்தான் இருந்தது. குடித்தபோது மஞ்சள் தூள் மாதிரி இல்லை, பச்சை மஞ்சளை நறுக்கும்போது வருமே, அந்த மண்வாசனை மட்டும் லேசாக இருந்தது.

இதே கம்பெனியின் கிரேட்டர் தேன் (Greater Than) ஜின் 2017இல் வந்தது, விலை குறைவு, அன்றாடம் டானிக் வாட்டரில் கலக்க நல்லது. ஆனால் அது லண்டன் முறை ஜின். பிரிட்டனிலேயே இருப்பவருக்கு அதைக் கொண்டுபோக வேண்டாம். நீலகிரித் தேயிலை சேர்த்து அம்ருத் ஒரு ஜின் செய்கிறார்கள், பெயரே நீலகிரிஸ். பெங்களூரில் அது எளிதாகக் கிடைத்தால் அதுவும் நல்ல தேர்வு. தேயிலை குடிக்கும் நாட்டுக்காரருக்குச் சொல்ல ஒரு கதை இருக்கும்.

இலுப்பைத்தோப்பு:
இலுப்பைப் பூவை விட்டுவிட்டீர்கள். மத்திய இந்தியாவில் மகுவா என்கிற மரம் நம் இலுப்பையின் சொந்தக்கார மரம்தான். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்கிறோமே, அந்த இனிப்பைத்தான் மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர், ஒடிசா பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாகப் புளிக்க வைத்து வடிக்கிறார்கள். விடியற்காலையில் உதிரும் பூவைப் பெண்களும் பிள்ளைகளும் கூடையில் பொறுக்குவார்கள். நம் ஊரில் அந்தக் கொட்டையை ஆட்டிக் கோயில் விளக்குக்கு எண்ணெய் எடுத்தோம், அவர்கள் பூவை எடுத்தார்கள்.

இப்போது டெஸ்மண்ட்ஜி மகுவா போல முறையாகப் பாட்டிலில் அடைத்து லேபிளோடு வருபவை இருக்கின்றன. சீல் இல்லாமல், எங்கோ வடித்ததை மட்டும் யாருக்கும் பரிசாகக் கொடுக்காதீர்கள். எதில் வடித்தார்கள், எவ்வளவு வீரியம் என்று தெரியாத ஒன்றை இன்னொருவர் உடம்புக்குள் அனுப்பும் உரிமை நமக்கு இல்லை.

மல்லேஸ்வரம்வாசி:
ஒரு சந்தேகம். கடையில் தங்க நிறப் பெட்டியில் அழகான விஸ்கி ஒன்று காட்டினார்கள். ஃப்யூஷனைவிட விலை குறைவு, பெட்டி பெரிது. அது சிங்கிள் மால்ட் இல்லையாம், ஆனால் "இதுவும் மால்ட்தான் சார்" என்றார் கடைக்காரர். என்ன வித்தியாசம்?

மைசூர்ரோடு:
இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் நாட்டில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பகுதி மொலாசஸிலிருந்து எடுத்த சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. அதில் கொஞ்சம் மால்ட்டோ கொஞ்சம் ஸ்காட்ச்சோ கலப்பார்கள். ஐரோப்பாவிலும் பிரிட்டனிலும் தானியத்தில் வடித்து, மரப் பீப்பாயில் மூன்று வருடமாவது வைத்தால்தான் அதை விஸ்கி என்று விற்கலாம். மொலாசஸ் சரக்கை அந்தப் பெயரில் அங்கே விற்கவே முடியாது. குடிப்பது அவரவர் விருப்பம், அதில் நான் தலையிடவில்லை. ஆனால் ஒரு ஸ்காட்லாந்துக்காரருக்கு விஸ்கி என்று சொல்லி அதைக் கொடுத்தால் முதல் வாயிலேயே கண்டுபிடித்துவிடுவார். மரியாதைக்காக ஒன்றும் சொல்ல மாட்டார்.

ஆகவே லேபிளில் "இந்தியன் சிங்கிள் மால்ட் விஸ்கி" என்ற சொற்கள் முழுதாக இருக்கின்றனவா பாருங்கள். அப்படியென்றால் முளைகட்டிய தானியம் மட்டும், ஒரே ஆலை, பானை வடிவ வாலையில் வடித்தது. "பிளெண்டெட்" என்று இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். ஆல்கஹால் அளவும் ஒரு குறிப்பு தரும். 42.8 சதவீதம் என்பது நம் ஊரின் பழைய 75 ப்ரூஃப் (மது வீரியத்தின் பழைய அளவுமுறை) கணக்கு, பெரும்பாலான சாதாரணச் சரக்கு அந்த அளவில்தான் இருக்கும். நல்ல மால்ட்டுகள் பல 46 அல்லது 50.

வயது போடவில்லையே என்றும் பயப்பட வேண்டாம். ஸ்காட்லாந்தில் பீப்பாயிலிருந்து வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகும், தேவதைகளின் பங்கு என்பார்கள். பெங்களூர் வெயிலில் அது 10 முதல் 12 சதவீதம் வரை போகும். அந்தச் சூட்டில் மரத்தின் சாரமும் வேகமாக இறங்கும். அங்கே பன்னிரண்டு வருடத்தில் வரும் முதிர்ச்சி இங்கே நாலைந்து வருடத்தில் வந்துவிடுகிறது. அதற்கு மேல் வைத்தால் பீப்பாயில் மிஞ்சுவது கொஞ்சம்தான். அம்ருத் எட்டு வருடம் வைத்து எடுத்த ஒன்றுக்கு "பேராசைத் தேவதைகள்" என்ற பொருளில்தான் ஆங்கிலப் பெயரே வைத்தார்கள். பேராசிரியரிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள், நிச்சயம் உட்கார்ந்து பேசுவார்.

ஃப்யூஷன் அவரிடம் இருந்தால் மாற்று: கோவாவின் பால் ஜான் போல்டு, பீட் புகை நன்றாக இருக்கும். இல்லையென்றால் ராம்பூர் ஆசவா. உத்தரப் பிரதேசத்து ராம்பூர் ஆலை 1943இல் தொடங்கியது. ஆசவா என்பது நம் வைத்தியர் தருகிற ஆசவம் என்ற அதே சொல். இந்திய திராட்சை ஒயின் இருந்த பீப்பாயில் கடைசியாக வைத்து எடுக்கிறார்கள். 2021இல் வந்த இந்த்ரி ட்ரினியும் விலைக்கு மிக நல்லது.

அபர்டீன்தமிழ்:
பயணம் பற்றி: 24 சதவீதத்துக்கு மேல் 70 வரை உள்ள மது ஒருவருக்கு 5 லிட்டர் வரை செக்-இன் பெட்டியில் போகலாம், கடை சீல் பிரிக்காமல் இருக்க வேண்டும். 70க்கு மேல் கூடவே கூடாது. பிரிட்டனில் இறங்கும்போது 4 லிட்டர் வரை வரி இல்லை. விமான நிலையத்துக் கடையில் வாங்குவதாக இருந்தால், நடுவில் விமானம் மாறும் இடத்தில் அந்த சீல் வைத்த பையைப் பிரிக்காதீர்கள்.

கார்க் மூடி போட்டவை அழுத்தத்தில் தூக்கிக்கொள்ளும். மூடியைச் சுற்றி நன்றாக டேப் ஒட்டி, பாட்டிலை இரண்டு பிளாஸ்டிக் பையில் கட்டி, துணிக்கு நடுவில் வையுங்கள். ஒரு முறை எனக்கு ஃபெனி கசிந்து, மூன்று சட்டையைத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று.

மட்காவ்காரன்:
கோவாவில் வாங்கி பெங்களூருக்கு எடுத்துப் போவதானால் கடையில் பர்மிட் கேட்டு வாங்குங்கள், பில்லையும் பத்திரமாக வையுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு, போய்ச் சேரும் ஊரின் அளவையும் முன்கூட்டியே பாருங்கள். குஜராத், பிகார் பக்கம் இறங்கிப் போகிற பயணம் என்றால் பாட்டிலே வேண்டாம்.

மல்லேஸ்வரம்வாசி:
வந்துவிட்டேன், நேற்றுத்தான். வாக்குக் கொடுத்தபடி எழுதுகிறேன்.

நண்பனிடம் போகும் முன்பே பேசினேன். அவன் மருந்து சாப்பிடுகிறான், குடிப்பதில்லை. சிக்மகளூர் காபித்தூளும் ஒரு பித்தளை ஃபில்டரும் கொண்டுபோனேன். முதல் டிகாஷன் இறங்குகிற வாசனைக்கே அவன் பேச்சை நிறுத்திவிட்டான். நிதானம் சார், உங்களை நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்காரம்மாவுக்கு நீலகிரிஸ். பாட்டில் மேலே இருந்த பெயரைப் படித்துவிட்டு, எங்கே இருக்கிறது என்று கேட்டார். வரைபடத்தில் ஊட்டியைக் காட்டினேன். டானிக் ஊற்றும் முன் வெறுமனே ஒரு வாய் குடித்துப் பார்த்தார்.

பேராசிரியருக்கு இரண்டு. ஃப்யூஷன் அவரிடம் இருந்தது, அபர்டீன்தமிழ் சொன்னது சரி. அவர் மகளிடம் முன்பே கேட்டதால் தப்பித்தேன். ராம்பூர் ஆசவா கொடுத்தேன். கூடவே ஃபெனி, மட்காவ்காரன் சொன்ன சீட்டோடு. மால்ட்டை அவர் அமைதியாக ஒரு கால் மணி நேரம் வைத்துக் குடித்தார், தேவதைகளின் பங்குக் கணக்கைச் சொன்னதும் காகிதம் எடுத்து ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போட்டார். பத்து சதவீதம் என்றாலே பீப்பாயில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் மிஞ்சும் என்று வந்தது. இரண்டு முறை சரிபார்த்தார்.

ஃபெனியை முகர்ந்ததும் முகம் மாறியது, மறைக்க மாட்டேன். பச்சை மிளகாய்க்கு அவர் மகள் கடைக்குப் போய் வந்தார். சோடாவும் உப்பும் சேர்த்துக் குடித்த பிறகு முந்திரிக்குப் பழம் உண்டா என்று கேட்டார். கொட்டை பழத்துக்கு வெளியே தொங்கும் என்று சொன்னால் நம்பவில்லை, போனில் படம் காட்ட வேண்டியிருந்தது.

மட்காவ்காரன், அவர் உங்களிடம் கேட்கச் சொன்ன கேள்வி ஒன்று. திறந்த பாட்டில் எத்தனை நாள் இருக்கும்?

மட்காவ்காரன்:
மகிழ்ச்சி தம்பி! நிற்க வைத்தே வைக்கச் சொல்லுங்கள், ஒயின் மாதிரி படுக்க வைத்தால் கார்க் அரித்துவிடும். வெயில் படாத இடம், மூடி இறுக்கம். ஒரு வருடம் தாராளமாக இருக்கும். பாதிக்குக் கீழே போனால் சின்ன பாட்டிலுக்கு மாற்றிவிடச் சொல்லுங்கள். அடுத்த ஏப்ரலில் அவர் கோவா வருவதாக இருந்தால் என்னிடம் சொல்லுங்கள், பட்டிக்கு நான் கூட்டிக்கொண்டு போகிறேன்.